டீசல் ஜீப்புக்கு பிரீ-கிளீனர்: தேர்ந்தெடுப்பது முதல் பொருத்திச் சோதிப்பது வரை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள், மழை விட்டுச் சில வாரம் ஆனதும் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதிக்குள்ளேயேதான் போகின்றன. முதல் வண்டிக்காரருக்குக் கவலையில்லை. இரண்டாவதிலிருந்து எல்லா எஞ்சினும் முன்வண்டி கிளப்பிவிட்டதைத்தான் இழுத்தாக வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) ஓரங்களிலும், கரூர் கல்குவாரிச் சாலைகளிலும், ஜெய்சல்மேர் தாண்டிய சாம் மணல்மேடுகளிலும் இதே கதைதான். புழுதியின் நிறமும் ரகமும்தான் மாறும். இப்படிப்பட்ட இடங்களில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள், டிராக்டர் பானட்டின் மேல் நிற்கும் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை, அதாவது ஏர் ஃபில்டருக்கு முன்னாலேயே புழுதியைப் பிரிக்கும் பிரீ-கிளீனரை, பார்த்து, "இதை நம்ம வண்டியிலும் மாட்டினால் என்ன?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

மாட்டலாம். ஆனால் டிராக்டர் கிண்ணத்தையே கழற்றி மாட்டக் கூடாது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். உதாரணத்துக்கு 2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார், 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் வேறு வண்டி இருந்தால் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

முதலில், இது என்ன செய்யும், என்ன செய்யாது

பிரீ-கிளீனருக்குள் காகிதமோ துணியோ கிடையாது. உள்ளே வரும் காற்றைச் சாய்வான தகடுகள் சுழற்றிவிடும். சுழலும்போது கனமான மண்துகள் விளிம்புக்கு ஒதுங்கும். ஒதுங்கியதை ஒரு கிண்ணத்தில் சேர்ப்பதோ வெளியே எறிவதோ அந்தந்த மாடலைப் பொறுத்தது. நடுவில் இருக்கும் காற்று ஏர் ஃபில்டருக்குப் போகும்.

எல்லாமே சுழற்சியை நம்பி நடப்பதால் பெரிய துகள் எளிதில் மாட்டும், பொடித்துகள் தப்பிக்கும். 20 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டவற்றில் பெரும்பகுதியை நல்ல கருவி பிடித்துவிடும். 5 மைக்ரானுக்குக் கீழே வந்தால் அதை நம்ப முடியாது. சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அதிகம் தேய்ப்பது எது என்று பார்த்தால், எண்ணெய்ப் படலத்தின் தடிமனுக்குள் சரியாக நுழையக்கூடிய துகள்கள்தான்: சில மைக்ரான் முதல் 20 மைக்ரான் வரை. அதாவது எஞ்சினுக்குப் பெரிய எதிரியை பிரீ-கிளீனர் பாதிதான் தடுக்கிறது. மீதி வேலை காகித ஃபில்டருடையது.

அப்படியானால் எதற்கு இந்தச் செலவு? நல்ல காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதே 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். கொஞ்சம் புழுதி படிந்த பிறகு, அந்தப் படிவே இன்னொரு வடிகட்டியாகி, இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆபத்தான நேரம் எது தெரியுமா? பெட்டியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துத் தட்டி, ஊதித் திரும்ப வைக்கிற நேரம்தான். அந்தச் சில நிமிடத்தில் சுத்தப் பக்கத்தில் விழுகிற ஒரு சிட்டிகை மண் எந்த ஃபில்டரையும் சந்திக்காமல் நேராக, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குப் போய்விடும். பஞ்சர் கடைக் காற்றை முழு அழுத்தத்தில் பிடித்து ஊதினால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். எடுத்து எடுத்து வைத்தால் ரப்பர் விளிம்பு சரியாக உட்காராது.

பிரீ-கிளீனரின் உண்மையான லாபம் அந்தப் பெட்டியைத் திறக்கிற தடவைகள் குறைவதுதான். "எஞ்சினுக்குள் சுத்தமான காற்று போகும்" என்று சொல்லி விற்கிறவர் பாதி உண்மைதான் சொல்கிறார்.

எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்கு. முன்னால் எதுவுமே தெரியாத அளவு புழுதி என்று ராணுவச் சோதனைகளில் வைத்திருக்கும் அளவு, ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 0.9 கிராம் மண். நடுத்தர வேகத்தில் ஓடும் தார் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 180 கன மீட்டர் காற்றை இழுக்கும். அப்படியே ஒரு மணிநேரம் முன்வண்டியின் வாலைப் பிடித்து ஓடினால் ஃபில்டருக்கு 160 கிராம் மண் வந்து சேரும். இந்த அளவு வண்டிகளின் ஃபில்டர் தாங்கக்கூடியதே சில நூறு கிராம்தான். வருவதில் 80 சதவீதத்தை பிரீ-கிளீனர் வெளியே தள்ளினால் 32 கிராம்தான் மிஞ்சும். ஃபில்டர் ஐந்து மடங்கு காலம் வரும்.

இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை மண் சாலையில் போய்வருகிறவருக்கு பிரீ-கிளீனர் தேவையில்லை. இரண்டு வண்டி நீளத்துக்குப் பதில் இருபது வண்டி நீளம் தள்ளி ஓட்டினாலே போதும், செலவு இல்லை. வாரம் தவறாமல் எஸ்டேட், குவாரி, சவாரி என்று ஓடுகிறவர்களுக்கும், பாலைவனப் பயணம் போகிறவர்களுக்கும்தான் இனிச் சொல்லப்போவது.

படி 1: வாங்குவதற்கு முன் கசிவைப் பாருங்கள்

ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த பிரீ-கிளீனர் வாங்கினாலும் வீண். அங்கே வண்டி மண்ணை நேராகத்தான் இழுக்கும். அதனால் இந்த வேலை முதலில்.

ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். லேசான எண்ணெய்ப் பசை இருக்கலாம், அது கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்பகுதி) வரும் எண்ணெய் ஆவி, கவலையில்லை. பழுப்பாக, விரலில் நறநறவென்று ஏதாவது வந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் குழாயின் உள்சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவி, திரும்ப மாட்டி, ஒரு புழுதிப் பயணம் போய்வந்து திறந்து பாருங்கள். மண் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்த்ததும் மறக்காமல் துடைத்துவிட வேண்டும்.

ஃபில்டரின் ரப்பர் விளிம்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பெட்டியில் உட்கார்ந்த தடம் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில், அறுபடாமல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் தடமே இல்லை என்றால், அங்கே ரப்பர் பெட்டியைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் மண் ஒரு விசிறி போல விரிந்து சுத்தப் பக்கம் போயிருப்பதும் தெரியும். பெட்டி மூடியின் கொக்கி ஒன்று உடைந்தாலும் இதே விளைவுதான். ஒர்க்‌ஷாப்பில் கொக்கி உடைந்து, அதை மூடி மறைத்துக் கட்டிய கேபிள் டையோடு வண்டிகள் திரும்பி வருவதுண்டு, சர்வீஸ் முடிந்ததும் அதை ஒரு பார்வை பாருங்கள்.

உருளை வடிவ ஃபில்டர் இருக்கும் பழைய ஜீப், பிக்கப், டிராக்டர்களில் பெட்டியின் அடியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு தொங்கும். எஞ்சின் ஓடும்போது மூடிக்கொள்ளும், நின்றதும் பிளந்து மண்ணைக் கொட்டும். விரல்களால் அமுக்கினால் மெத்தென்று பிளக்க வேண்டும். விறைத்துப் போனால் மாற்றுங்கள், விலை அற்பம். அது விழுந்து ஓட்டையாக நிற்கும் வண்டியில் பெட்டியே கீழிருந்து புழுதியை உறிஞ்சும்.

படி 2: எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறது

இதுதான் தேர்வின் மையம். இதைக் கணக்கிடாமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம், கடைக்காரரும் "எந்த வண்டிக்கும் மாட்டலாம் சார்" என்பார்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். ஆகவே லிட்டரில் கொள்ளளவை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று) பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். சிலிண்டர் முழுதாக நிறையாது என்பதால் 0.9-ஆல் பெருக்குங்கள். டர்போ இருந்தால் அது அமுக்கித் திணிக்கும் அளவையும் சேர்க்க வேண்டும். இன்டர்கூலர் உள்ள இக்கால டீசல்களுக்கு முழுச் சுமையில் 1.8 மடங்கு என்று வைத்தால் பக்கத்தில் வந்துவிடும்.

தாரின் கொள்ளளவு 2184 சிசி, அதிகபட்ச சக்தியான 130 குதிரைத்திறனைத் தருவது 3750 ஆர்பிஎம்மில். 2.184 × 3750 ÷ 2 = 4095 லிட்டர். அதை 0.9-ஆலும் 1.8-ஆலும் பெருக்கினால் நிமிடத்துக்கு 6600 லிட்டர் சொச்சம். மணிக்கு 400 கன மீட்டர். கேட்டலாக்குகள் பெரும்பாலும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) கணக்கில்தான் இருக்கும்: கிட்டத்தட்ட 235 சிஎஃப்எம்.

இது உச்ச அளவு. ஆனால் நீங்கள் உண்மையில் ஓட்டுகிற அளவு? கொழுக்குமலை ஏற்றம் மாதிரி கற்பாதையில் லோ ரேஞ்சில் 1500 ஆர்பிஎம்மில் ஊர்ந்தால் டர்போ பெரிதாக ஊதாது. 2.184 × 1500 ÷ 2 × 0.9 = 1470 லிட்டர், அதாவது 52 சிஎஃப்எம். உச்சத்தில் கால்வாசி கூட இல்லை. மண் சாலையில் 2200 ஆர்பிஎம்மில் மிதமாக மிதித்து ஓட்டினால் 105 சிஎஃப்எம் அளவில் இருக்கும்.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உச்சம், வழக்கமான ஓட்டம், ஊர்தல்.

சுழற்சிக்கு வேகம் வேண்டும். கருவி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் காற்று உள்ளே சோம்பேறித்தனமாக நகரும், மண் பிரியவே பிரியாது; சுழலி உள்ள மாடலில் சுழலி திரும்பக்கூட திரும்பாது. டிப்பர் லாரிக்கான பெரிய பிரீ-கிளீனர் தலையை "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று ஜீப்பில் மாட்டினால், அது மழைக்குடை வேலையை மட்டும் செய்யும்.

சிறிதாக இருந்தால் எதிர்ப் பிரச்சினை. 45 குதிரைத்திறன் டிராக்டர், டர்போ இல்லாத 2.7 லிட்டர் எஞ்சின், 2000 ஆர்பிஎம் என்றால் அதற்குத் தேவை 85 சிஎஃப்எம் அளவுதான். அதற்கென்று செய்த கிண்ணத்தை தாரில் மாட்டினால் உச்சத்தில் 2.75 மடங்கு காற்று அதன் வழியாகப் போக வேண்டும். காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும்: 2.75 × 2.75, ஏழரை மடங்கு. டிராக்டரில் 2 அங்குலத் தடை கொடுத்த கிண்ணம் உங்கள் ஜீப்பில் 15 அங்குலம் கொடுக்கும். அந்த அங்குலம் என்ன என்பதற்கு ஐந்தாம் படியில் வருகிறேன்.

படி 3: எந்தப் புழுதி, எந்த வேகம்

தேரி மணல், சாம் மணல் இரண்டிலும் மணல்மணி பெரியது. அவ்வளவு உயரத்துக்கு எழும்பாது, எழும்பினாலும் எந்த பிரீ-கிளீனரும் பிடித்துவிடும். அதற்கிடையில் கலந்திருக்கும் மாவுப் பொடிதான் ஃபில்டரை அடைக்கும். குவாரிச் சாலைகளில் லாரிச் சக்கரம் அரைத்து அரைத்து டால்கம் பவுடர் பதத்துக்குக் கொண்டுவந்த பொடி இன்னும் மோசம், எந்தச் சுழற்சிக்கும் அது முழுதாக அடங்காது. அங்கே ஓடுகிறவர்கள் பிரீ-கிளீனரிடம் அதிகம் எதிர்பார்க்காமல், நல்ல ஃபில்டருக்குக் காசு வைத்துக்கொள்வது நல்லது.

அறுவடைக் காலத்தில் வயல் ஓரம் ஓடும் வண்டிகளுக்குப் பதரும் சருகும் பிரச்சினை. நெருக்கமான கம்பிவலை வைத்த தலை அரைமணியில் அடைத்துக்கொள்ளும். சுழலி வைத்து வெளியே எறிகிற ரகம் இங்கே பரவாயில்லை.

வேகம் என்று வந்தால் ஊர்ந்து ஏறும் மலைப்பாதைக்காரர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. உச்ச அளவுக்கு ஏற்ப வாங்கிய எந்தச் சுழல்வகையும் 50 சிஎஃப்எம்மில் தன் பெயருக்கு ஏற்றபடி வேலை செய்யாது. அவர்களுக்கு உதவுவது காற்று வாயின் உயரம். புழுதி சக்கர மட்டத்தில் அடர்த்தியாகவும், கூரை மட்டத்தில் நன்றாகவே மெல்லியதாகவும் இருக்கும். பிரீ-கிளீனர் வாங்கும் பணத்தில் முதலில் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவது, அதாவது ஸ்நார்க்கல் போடுவது, மலைப்பாதை வண்டிக்குக் கூடுதல் பலன் தரும். பாலைவனத்திலும் நீண்ட மண் சாலையிலும் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டுகிறவருக்குத்தான் சுழல்தலை தன் காசுக்கு உழைக்கும்.

படி 4: ரகம்

கிண்ண வகையிலிருந்து தொடங்கலாம். நிலையான தகடுகள், சுற்றிலும் ஒளிபுகும் கிண்ணம், மண் எவ்வளவு சேர்ந்தது என்று கண்ணால் தெரியும். நகரும் பாகம் இல்லை, விலை குறைவு. குறை என்னவென்றால் கிண்ணத்தில் குறித்த கோடு வரை நிறைந்ததும் கொட்டியாக வேண்டும். கொட்ட மறந்தால் சேர்ந்த மண் திரும்பவும் காற்றோடு கிளம்பி ஃபில்டருக்கே போகும். டிராக்டர்காரர் காலையில் டீசல் ஊற்றும்போது கிண்ணத்தையும் பார்ப்பார். ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை. குலுங்கும் பாதையில் கிண்ணத்தின் ஓரம் விரிசல் விடுவதும் உண்டு.

அடுத்தது தானாக வெளியே எறியும் சுழலி வகை. அமெரிக்காவின் சை-க்ளோன், டொனால்ட்சனின் டாப்ஸ்பின் எல்லாம் இந்தக் குடும்பம். எஞ்சின் இழுக்கும் காற்றே உள்ளிருக்கும் சுழலியைச் சுற்றும், ஒதுங்கிய மண்ணும் மழைநீரும் பக்கத்துப் பிளவு வழியாக வெளியே வீசப்படும். கொட்ட வேண்டிய வேலை இல்லை. ஜீப்புக்கு என் ஓட்டு இதற்குத்தான். கவனிக்க வேண்டியது பேரிங். கையால் சுண்டினால் சத்தமில்லாமல் சில நொடி சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்தப் பெயர்களைப் போலவே தோற்றம் கொண்ட பிளாஸ்டிக் தலைகள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. சுழலியின் இறக்கைகள் சமநிலை தவறியிருந்தால் 2500 ஆர்பிஎம் தாண்டியதும் ஊளையிடும், சில மாதத்தில் பேரிங் போய்விடும். (டொனால்ட்சன் கம்பெனியே 1915-ல் மினசோட்டாவில் ஒரு டிராக்டர் விற்பனையாளர் புழுதியோடு மல்லுக்கட்டியதில் பிறந்ததுதான். நூறு வருடத்துக்கு மேலாகியும் பிரச்சினை மாறவில்லை.)

பல குழல் வகை என்று ஒன்று உண்டு. கட்டை விரல் அளவுச் சிறு குழல்கள் டஜன் கணக்கில் அடுக்கியது. சிறு குழலில் சுழற்சி இறுக்கமாக இருப்பதால் பிரிப்பதில் இதுதான் கெட்டிக்காரன், 90 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் ஒதுங்கிய மண்ணை இழுத்து வெளியேற்ற, போகும் காற்றில் பத்தில் ஒரு பங்கைத் தனியே உறிஞ்ச வேண்டும். அதற்கு ஒரு மின்விசிறி வேண்டும், அல்லது புகைக்குழாயின் வேகத்தை வைத்து இழுக்க வேண்டும். சுரங்க எந்திரம், பெரிய அறுவடை எந்திரம், டாங்கி இவற்றில் இடமும் இருக்கிறது, நிமிர்ந்த புகைக்குழாயும் இருக்கிறது. பின்பக்கம் அடியில் புகை விடும், டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) வைத்த பிஎஸ்6 ஜீப்பில் புகைக்குழாயைத் தொடுவதே வேண்டாம்.

எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய ஏர் கிளீனரை பிரீ-கிளீனராகப் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பழைய ஜீப்புகளில் அது தலைமுறைக் கணக்கில் ஓடியதுதான். ஆனால் குறைந்த வேகத்தில் அதன் பிடிப்பு விழும், காகித ஃபில்டருக்கு முன்னால் வைத்தால் எண்ணெய் ஆவி காகிதத்தை நனைக்கும். சரிவில் எண்ணெய் வழிந்து எஞ்சின் அதையே எரிபொருளாகக் குடிக்கத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் டீசல் எஞ்சின் நிற்காது. வேண்டாம்.

கடைசியாக, ஸ்நார்க்கல் வாயில் மாட்டும் எண்ணெய் தடவிய ஃபோம் உறை. மலிவு, ஒரு வாரப் பாலைவனப் பயணத்துக்குப் போதுமானது. எண்ணெய் அதிகமானால் துளிகள் உள்ளே போய், காற்றளவு காட்டும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சரின் மெல்லிய கம்பியில் படியும், எஞ்சின் லைட் எரியும். பிழிந்து, கைக்கு ஒட்டாத பதத்தில் மாட்டுங்கள். மழையில் கழற்றிவிடுங்கள்.

படி 5: காற்றுத் தடைக்கு ஒரு பட்ஜெட்

எஞ்சின் காற்றை இழுக்கச் சிரமப்படும் அளவை, அந்த உறிஞ்சல் ஒரு குழாயில் தண்ணீரை எத்தனை அங்குலம் தூக்கும் என்பதை வைத்துச் சொல்வார்கள். டர்போ டீசலில் பொதுவாக 25 அங்குலம் வந்துவிட்டால் ஃபில்டர் மாற்ற வேண்டும், டர்போ இல்லாததில் 20. இதுதான் மொத்தப் பட்ஜெட். குழாய், ஸ்நார்க்கல் வளைவு, பிரீ-கிளீனர், ஃபில்டர் எல்லாம் இதற்குள்தான்.

நல்ல பிரீ-கிளீனர் உச்சக் காற்றில் 2 முதல் 5 அங்குலம் எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் போனால் ஃபில்டருக்கு மிச்சமிருக்கும் இடம் சுருங்கிவிடும். ஃபில்டர் ஆயுளைக் கூட்ட வாங்கியதே அதன் ஆயுளைத் தின்னும். மேலே சொன்ன டிராக்டர் கிண்ணம் 15 அங்குலத்தை விழுங்கிவிட்டால், ஃபில்டர் பாதிகூட அழுக்காகும் முன்பே எல்லை வந்துவிடும். லடாக் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 5000 மீட்டருக்கு மேல் காற்றே மெல்லியது, டர்போ ஏற்கெனவே கூடுதலாகச் சுற்றிக்கொண்டிருக்கும், முன்னால் அடைப்பையும் வைத்தால் கறும்புகைதான்.

கேட்டலாக்கில் காற்றளவுக்கும் தடைக்கும் ஒரு வளைகோடு இருக்க வேண்டும். உங்கள் உச்ச எண்ணை, தாருக்கு 235-ஐ, அதில் வைத்துப் பாருங்கள். வளைகோடு இல்லாமல் "99% திறன்" என்று மட்டும் அச்சிட்ட பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். திறன் என்று சொன்னால் எந்த மண்ணில் சோதித்தது என்று கேட்க வேண்டும். ஏர் கிளீனர் சோதனைக்கான தரம் ஐஎஸ்ஓ 5011, அதற்கான சோதனை மண்ணை வகைப்படுத்துவது ஐஎஸ்ஓ 12103-1. அதில் ஏ2 என்பது பொடி, ஏ4 என்பது கரடு. கரடு மண்ணில் சோதித்தால் எந்தக் கருவியும் சூரனாகத் தெரியும். ஒரே மண்ணில், ஒரே காற்றளவில் சோதித்த இரண்டு எண்களைத்தான் ஒப்பிட முடியும்.

உச்ச அளவு 235-ஐவிடக் கொஞ்சம் மேலே இருக்கிற, குறைந்தபட்ச வேலை அளவு 100-க்குக் கீழே தொடங்குகிற மாடல் கிடைத்தால் தார் மாதிரி வண்டிக்கு அது போதும். இரண்டு மாடலுக்கு நடுவே தயங்கினால், தடை அனுமதிக்கும் வரை சிறியதை எடுங்கள்.

படி 6: இடம், தண்ணீர், சட்டம்

பெரும்பாலான ஜீப்புகளில் இதற்கான இடம் ஸ்நார்க்கல் உச்சிதான். ஸ்நார்க்கல் கழுத்தின் வெளிவிட்டத்தை வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். 3 அங்குலமும் 3.5 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், கிளிப் போட்டு இறுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ரப்பர் வளையம் சுற்றிச் சமாளிப்பது குலுங்கலில் நிற்காது.

எறியும் பிளவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். ஓட்டுநர் பக்கத் தூணை ஒட்டி ஏறும் ஸ்நார்க்கலில் பிளவு உள்நோக்கி நின்றால், தலை கக்கும் மண் முழுக்கத் திறந்த ஜன்னல் வழியாக உங்கள் காதில்தான். வெளிப்புறமோ பின்புறமோ திருப்பி வையுங்கள். காப்பி, தேயிலைத் தோட்டப் பாதைகளில் தலை கிளையில் இடிக்கும், அதனால் கூரை உயரத்தைவிட அதிகம் நீட்ட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். மண் எறியும் பிளவு இருக்கும் தலை மழையைத் தாங்கும், நீரில் மூழ்குவதைத் தாங்காது. ஆனால் அதைவிட முக்கியம் கீழே உள்ள மூட்டுகள்: ஸ்நார்க்கல் வெளிவாய் கூரையில் இருந்தாலும் ஃபில்டர் பெட்டியின் அடியில் வடிகால் ஓட்டை திறந்திருந்தால் ஆற்றில் தண்ணீர் அந்த வழியாக வரும். தாருக்குக் கம்பெனி சொல்லும் நீர் ஆழம் 650 மில்லிமீட்டர். ஸ்நார்க்கல் உச்சியில் எதை மாட்டினாலும் அந்த எண் அதிகரிக்காது.

சட்டத்தையும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வெளியே துருத்தும் எதையும் சோதனையில் நிறுத்திக் கேட்க வாய்ப்புண்டு. வாரண்டி இருக்கும் வண்டி என்றால், பானட்டையோ ஃபெண்டரையோ துளைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை எஞ்சின் கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

படி 7: பொருத்துவதும் சோதிப்பதும்

துளை போட வேண்டியிருந்தால் குழாயைக் கழற்றி மேஜையில் வைத்துப் போடுங்கள், வண்டியில் வைத்துப் போட வேண்டாம். பிளாஸ்டிக் சீவல் ஒன்றுகூட உள்ளே நிற்கக் கூடாது. மூட்டுகளில் சிலிக்கான் ஹோஸும் அகலப் பட்டைக் கிளிப்பும் நல்லது. சாதா ஸ்க்ரூ கிளிப் போடுவதானால் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாவற்றையும் ஒரு சுற்று திரும்ப இறுக்குங்கள், ரப்பர் அமர்ந்து தளர்ந்திருக்கும்.

அடுத்து, டிராக்டர்களில் வரும் சிவப்புப் பட்டை காட்டும் தடை காட்டியை வாங்கி, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள சுத்தப் பக்கக் குழாயில் மாட்டுங்கள். 20-க்கு ஒன்று, 25-க்கு ஒன்று என்று வெவ்வேறு அளவில் வரும், டர்போவுக்கு 25. இனி ஃபில்டரைக் கண்ணால் பார்த்து "கறுத்துப் போச்சு" என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. சிவப்பு வரும் வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

அதைப் பொருத்தியதும் நல்ல ஏற்றம் ஒன்றில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். புது ஃபில்டரோடு சிவப்பு பாதிக்கு மேல் ஏறினால் கருவி சிறியது, அல்லது எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது. தலையைக் கழற்றிவிட்டு அதே ஏற்றத்தில் மறுபடி ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

முதல் புழுதிப் பயணம் முடிந்ததும் அந்த வெள்ளைத் துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்தில் பழைய எண்ணெயிலிருந்து ஒரு சிறு புட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. அறிக்கையில் சிலிக்கானும் அதோடு சேர்ந்து இரும்பும் அலுமினியமும் ஏறியிருந்தால் மண் உள்ளே போகிறது. சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால் சமீபத்தில் போட்ட கேஸ்கெட் பசையாகவும் இருக்கலாம், அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

படி 8: பராமரிப்பு

கிண்ணம் என்றால் கோடு தொடும் முன் கொட்டுங்கள், புழுதிப் பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பார்வை. சுழலி என்றால் டீசல் போடும்போது கையால் ஒருமுறை சுண்டிவிடுங்கள், நறநற சத்தம் கேட்டால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பேரிங்கில் கிரீஸோ ஸ்ப்ரேயோ அடிக்க வேண்டாம், மண் அதில் குழைந்து அரைக்கும். மழைக்காலம் முடிந்ததும் எறியும் பிளவில் காய்ந்த சேறும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் ஷெட்டில் நின்ற வண்டியில் குளவி எப்படியும் கட்டிவிடும்.

ஃபில்டரை ஊதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், சுத்தப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, முனையைச் சில அங்குலம் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். டயர் மேல் தட்ட வேண்டாம். என் வழக்கம், ஊதாமல் மாற்றிவிடுவது. நீண்ட பயணத்துக்குப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காத புது ஃபில்டர் ஒன்றைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வேன், சுழலி வகைத் தலை என்றால் கூடவே மழையை மட்டும் தடுக்கும் ஒரு சாதா மழைக்குடைத் தலையும். வழியில் பேரிங் பிடித்துக்கொண்டால் கழற்றி அதை மாட்டி ஊர் வந்து சேரலாம்.